பகடை உருளும் முன்: பாத்திர விதிகளின் ஐம்பதாண்டு வழக்கு

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஏரிக்கரை ஊரான லேக் ஜெனீவாவிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று மெல்லிய கையேடுகள்; விலை பத்து டாலர்; முதல் அச்சு ஆயிரம் படிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் அந்த ஆட்டமே, இன்று பாத்திரமேற்பு ஆட்டங்கள் எனப்படும் பெருங்குடும்பத்தின் முதல் அச்சுநூல். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து ஒரு மாய உலகைச் சொல்லால் விரிப்பார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று கூறுவர். முடிவு ஐயமாக உள்ள இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

மூன்றாம் கையேட்டின் இறுதியில் ஆசிரியர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தனர். வழியே தெரியாமல் திகைத்தாலன்றி விதிவிளக்கம் கேட்டு எங்களுக்கு எழுதவேண்டாம், எப்படி இருக்கவேண்டும் என்று நீங்களே முடிவுசெய்து அவ்வாறே ஆக்கிக்கொள்ளுங்கள், உங்கள் கற்பனையை உங்களுக்காக நாங்கள் ஏன் செய்யவேண்டும் என்பது அதன் சாரம். தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இயல்களின் முடிவில் வரும் புறனடை நூற்பாக்கள் நினைவுக்கு வரும். ஆனால் புறனடை, சொல்லாது விட்டவற்றைச் சொன்னவற்றின் நெறியிலே நின்று கொள்ளச் சொல்வது. லேக் ஜெனீவாக் கையேடு அந்த நெறியையும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. எட்டே ஆண்டுகளில் அதன் ஆசிரியருள் ஒருவர் இதற்கு நேர் எதிரான நிலைக்குச் சென்றார் என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

நூலில் இல்லாததை வகுத்தோ, இருப்பதை மாற்றியோ, ஒரு குழு தனக்கென ஏற்றுக்கொள்ளும் விதியை ஆட்டக்காரர் ‘ஹவுஸ் ரூல்’ என்பர். இங்கு மேசைவிதி எனக் கொள்வோம். தாயம் ஆடியவர்களுக்கு இது புதிதன்று. எதிரியின் காயை வெட்டாமல் பழமேறலாமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. ஆனால் தாயக்காய்க்கு உடல் இல்லை, பால் இல்லை, குலம் இல்லை. பாத்திரமேற்பு ஆட்டத்தின் காய் ஓர் ஆள். அந்த ஆளை உருவாக்கும் விதி, எப்படிப்பட்டவர் பிறக்கலாம், எப்படிப்பட்டவர் பிறக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆகவே மேசைவிதிகளுள் மிகக் கடுமையாக வழக்காடப்பட்டவை சண்டை பற்றியவையோ மந்திரம் பற்றியவையோ அல்ல. பாத்திர உருவாக்கம் பற்றியவையே.

1974 நூலில் பாத்திரம் என்பது ஆறு எண்கள்: வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைலாவகம், கவர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டவேண்டும். மூன்று முதல் பதினெட்டு வரை எதுவும் விழலாம். இன்றைய ஆட்டக்காரர் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த நூலின்படி பகடையை உருட்டுபவர் ஆட்டக்காரர் அல்லர், நடுவர். ஆட்டக்காரருக்குப் பாத்திரம் வழங்கப்பட்டது. அவர் அதை ஆக்கவில்லை. விழுந்த எண்களைப் பார்த்து, இவனால் போர்வீரனாக முடியுமா, மந்திரவாதியாக முடியுமா என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பிறப்பு தற்செயல், தொழில் அதன் விளைவு என்னும் உலகநோக்கு அது. அக்காலத்துப் பாத்திரங்கள் ஓர் அமர்விலேயே மாண்டுபோவது சாதாரணம் ஆகையால், மோசமான எண்களும் பெருஞ்சுமையாக இருக்கவில்லை.

அதே நூலில், ஆட்டக்காரர் எதுவாகவும் இருக்க விரும்பலாம், தடையில்லை என்னும் குறிப்பும் இருக்கிறது. டிராகனாக விரும்புபவர் இளங்குட்டியாகத் தொடங்கிப் படிப்படியாக வளரவேண்டும், அவ்வளவே நிபந்தனை. 1977-இல் தொடக்கக்காரர்களுக்கான பதிப்பைத் தொகுத்த ஜே. எரிக் ஹோம்ஸ் (நரம்பியல் மருத்துவர்) ஒரு பயணக்குழுவில் குதிரையுடல் மனிதனும் ஜப்பானிய சாமுராயும் இடம்பெறலாம் என்று அதே போக்கில் எழுதினார். அவற்றுக்கு உரிய விதிகள் நூலில் இல்லை. ஆக்கிக்கொள்வது மேசையின் பொறுப்பு.

மேசைகள் அந்தப் பொறுப்பை ஏற்றன. உண்மையில் நூலுக்கு முன்பே ஏற்றிருந்தன. 1971 முதல் மினசோட்டாவின் இரட்டை நகரப் பகுதியில் ஆர்னெசன் நடத்திவந்த ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி மற்றவர்க்கு அடங்காமல் போனது. அதை எதிர்க்க, தெய்வ அருளால் பேய்களை விரட்டும் வீரன் ஒருவன் தேவைப்பட்டான். அவனே 1974 நூலில் கிளெரிக் என்னும் தொழிலாக நின்றான். ஒரு மேசையின் உள்சண்டைக்குக் கண்ட மருந்து உலகப் பொதுவிதி ஆயிற்று. திருடன் என்னும் தொழிலின் வரலாறும் இத்தகையதே. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு விளையாட்டுப்பொருள் கடையைச் சுற்றி ஆடியவர்கள் திருடனுக்கென விதிகள் வகுத்திருந்தனர். 1974-இல் தொலைபேசியில் அதைக் கேட்டறிந்த கைகாக்ஸ், தம் போக்கில் ஒரு வடிவம் எழுதிச் சிறு செய்தியிதழ் ஒன்றில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ‘கிரேஹாக்’ என்னும் துணைநூலில் திருடன் நிலைபெற்றான். இலக்கியத்திலிருந்தே இலக்கணம் எடுக்கப்படுகிறது என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேசைவிதிகள் எப்படி முன்மொழியப்பட்டன? 1975 ஜூனில் லாஸ் ஏஞ்சல்சில் லீ கோல்ட் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் மாதவெளியீடு இதற்குச் சிறந்த சான்று. ஒவ்வொரு பங்களிப்பாளரும் தம் பக்கங்களை எழுதி அனுப்புவர். அனைத்தும் ஒன்றாகக் கோக்கப்பட்டு அனைவருக்கும் செல்லும். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இது நடந்தது. எங்கள் ஆட்டத்தில் இப்படிச் செய்கிறோம் என்று ஒருவர் எழுதுவார். அதில் என்ன கேடு என்று அடுத்த மாதம் இருவர் எழுதுவர். மூன்றாம் மாதம் முதலாமவர் திருத்துவார். உரையாசிரியர் மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் போன்ற ஓட்டம். இதன் இரண்டாம் இதழுக்குக் கைகாக்ஸ் எழுதிய கடிதத்தில், எல்லாரும் ஒரே விதமாக ஆட ஒப்புக்கொள்ளும் நாள் வந்தால் இந்த ஆட்டம் சலிப்பூட்டும் பண்டமாகிவிடும் என்னும் கருத்தைத் தெரிவித்திருந்தார். 1976-இல் ஸ்டீவ் பெரின் தம் மேசைவிதிகளைத் தொகுத்து கலிபோர்னிய ஆட்டமாநாடு ஒன்றில் சுற்றுக்கு விட்டார். இரண்டே ஆண்டுகளில் அவர் கைவண்ணத்தில் ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் தனி ஆட்டமே பிறந்தது. வட்டாரவழக்கு தனிமொழியாவதற்கு இவ்வளவு குறுகிய காலம் வேறெங்கும் போதியிருக்காது.

மொழியியலாளர் ஒருவரும் இந்த வரலாற்றில் உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிமொழியான கிளாமத்துக்கு இலக்கணமும் அகராதியும் தந்தவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறையில் உருது கற்பித்தவர், எம்.ஏ.ஆர். பார்க்கர். அவருடைய ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ 1975-இல் லேக் ஜெனீவா நிறுவனத்தின் வழியே வந்தது. தாமே படைத்த மொழிகளும் சாதியடுக்குகளும் கோயில்களும் நிறைந்த அவ்வுலகம் புதிய ஆட்டக்காரர்க்கு முற்றிலும் அந்நியம். பார்க்கர் கண்ட தீர்வு எளிது. பாத்திரங்கள் யாவரும் கடல்வழி வந்திறங்கிய அயலார். துறைமுக நகரின் அயலார் சேரியில் தங்கவேண்டியவர். அந்நாட்டு ஒழுகலாறு அறியாதவர். ஆட்டக்காரரின் அறியாமையே பாத்திரத்தின் அறியாமை. உருவாக்க விதி ஒன்று உலகநூலின் நூறு பக்கங்களைப் படிக்கும் சுமையை நீக்கிவிட்டது. இதே பார்க்கர் 1991-இல் புனைபெயரில் நாஜிச் சார்புப் புதினம் ஒன்றை எழுதியவர் என்பதை, அவர் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளை 2022-இல் ஒப்புக்கொண்டது. அயலாரின் நிலையை விதியாக்கத் தெரிந்தவருக்கு அயலார்மீது வெறுப்பும் இருந்திருக்கிறது. அவர் விதியைப் பாராட்டுவோர் இதையும் தெரிந்துகொண்டே பாராட்டவேண்டும்.

மேசைவிதி என்றாலே விடுதலை, அச்சுநூல் என்றாலே அடக்குமுறை என்று எழுதிவிடுவது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 1974 நூலில் பெண் பாத்திரத்துக்கெனத் தனி வரம்பு எதுவும் கிடையாது. அதை முன்மொழிந்ததே ஒரு மேசைதான். 1976 அக்டோபரில் ‘தி டிராகன்’ மூன்றாம் இதழில், பெண் பாத்திரங்களை உருவாக்குவது குறித்து லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை வெளிவந்தது. பெண்களை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதன்படி பெண் பாத்திரத்தின் வலிமைக்கு மூன்று ஆறுமுகப் பகடைகள் இல்லை. ஓர் எண்முகப் பகடையும் ஓர் ஆறுமுகப் பகடையும் மட்டுமே. உச்சம் பதினான்கு. ஆளுமையையும் தலைமையையும் குறித்த கவர்ச்சி என்னும் பண்பு நீங்கி, அவ்விடத்தில் அழகு வந்தது. ஆண் பாத்திரம் எத்தனை வீரரைத் தன் பின்னே நடத்திச் செல்லும் என்பது கேள்வியாக இருந்த இடத்தில், பெண் பாத்திரம் எப்படித் தோன்றும் என்பது கேள்வியாயிற்று. வெறும் எண்மாற்றம் போலத் தோன்றுவது இங்கே இலக்கணப் பால்பாகுபாட்டைவிட ஆழமாக வெட்டுகிறது.

இரண்டாண்டு கழித்து, 1978-இல் ‘அட்வான்ஸ்டு’ என்னும் அடைமொழியுடன் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பால்வழி வரம்பு அச்சேறியது. அதைப் புரிந்துகொள்ள ஒரு முன்செய்தி வேண்டும். ‘கிரேஹாக்’ துணைநூலின்படி, வலிமை பதினெட்டு பெற்ற போர்வீரன் மேலும் நூற்றுக்கு எத்தனை என்று உருட்டி அசாதாரண வலிமை பெறலாம். 1978 கையேடு மனித ஆணுக்கு அந்த நூறு முழுவதையும் திறந்துவைத்தது. மனிதப் பெண்ணுக்கு ஐம்பதோடு நிறுத்தியது. மற்ற இனங்கள் பெரும்பாலானவற்றில் இடைவெளி இன்னும் பெரிது. ஹாஃப்லிங் ஆணுக்குப் பதினேழு, பெண்ணுக்குப் பதினான்கு. நெருப்புமிழும் டிராகன்களும் இறந்தோரை எழுப்பும் மந்திரங்களும் இயல்பாகிவிட்ட உலகில், நம்பத்தகாதது எனக் கருதப்பட்டது ஆணுக்கு நிகரான வலிமையுள்ள பெண் மட்டுமே. கற்பனை எங்கே நின்றுவிடுகிறது என்பதை உருவாக்க விதிகள் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுத்த இடம் வேறில்லை.

1980 ஜூலையில் அதே இதழில், பெண்கள் சமநிலை கேட்பதில் என்ன தவறு என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஜீன் வெல்ஸ், கிம் மோகன் இருவர் பெயரிலும் கட்டுரை ஒன்று வந்தது. வெல்ஸ் அந்நிறுவனத்தின் வடிவமைப்புப் பணியில் இருந்த பெண். மேசைகளில் தாம் நடத்தப்படும் விதம் குறித்துப் பெண் ஆட்டக்காரர் சொன்னவை அதில் இடம்பெற்றன. அச்சுவிதி மாற ஒன்பதாண்டு ஆயிற்று. 1989-இன் இரண்டாம் பதிப்பில் பால்வழி வலிமை வரம்பு இல்லை. அதுவரை அந்த அட்டவணையை நீக்கி ஆடிய மேசைகள், நூலைப் பொறுத்தவரை, தவறாக ஆடிய மேசைகள்.

தவறாக ஆடுதல் என்னும் கருத்தே புதிது. 1979-இல் வந்த நடுவர் கையேட்டின் முன்பகுதியில் கைகாக்ஸ் ஒருமைப்பாட்டை வற்புறுத்தினார். ஒரு மேசையின் பாத்திரம் மற்றொரு மேசைக்கு இடம்பெயர வேண்டுமெனில் அடிப்படை விதிகள் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மாநாடுகளில் முன்பின் அறியாதோர் ஒரே மேசையில் அமர்ந்த காலம் அது. ஒருவர் கையில் எளிய மேசையொன்றில் வளர்ந்த தேவகுமாரன். மற்றவர் கையில் மூன்று பகடையில் பிறந்த அரைக்குருடன். பொதுமொழி இல்லாமல் சந்தை நடக்காது. ஆனால் காசும் இதில் இருந்தது. புதிய நூல்களுக்கு உரிமைத்தொகை தமக்கும் உண்டு என்று அதே 1979-இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981-இல் சமரசம் ஆயிற்று. ‘அட்வான்ஸ்டு’ என்பது பழைய ஆட்டத்தின் விரிவன்று, தனி ஆட்டமே என்று நிறுவுவதில் ஒரு தரப்புக்கு நேரடி ஆதாயம் இருந்த காலம் அது. இது கிளைமொழியா தனிமொழியா என்னும் வழக்கு ஒருமுறையேனும் நீதிமன்றப் படியேறிய துறை என்ற வகையில், மொழியியல் மாணவர் இதைக் குறித்துக்கொள்வது நன்று. 1982 நவம்பரில், போக்கரையும் சதுரங்கத்தையும் எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரையில் கைகாக்ஸ் இறுதிநிலைக்கு வந்தார். விதிகளை மாற்றி ஆடுவோர் ஆடுவது வேறு ஏதோ ஒன்று, இந்த ஆட்டம் அன்று.

எனினும் 1979-இன் அதே நடுவர் கையேடு, அவருக்கே எதிரான சாட்சி. பாத்திரத்தின் ஆறு எண்களைப் பெற அதில் நான்கு வழிகள் உள்ளன. நான்கு பகடை உருட்டிச் சிறியதை நீக்கி, விரும்பிய பண்புக்கு வைத்துக்கொள்வது முதல்வழி. மூன்று பகடையைப் பன்னிரண்டு முறை உருட்டிச் சிறந்த ஆறைக் கொள்வது இரண்டாவது. ஒவ்வொரு பண்புக்கும் ஆறுமுறை உருட்டி உயர்ந்ததைக் கொள்வது மூன்றாவது. பன்னிரு பாத்திரங்களுக்கு உரிய எண்களை உருட்டி ஒன்றைத் தேர்வது நான்காவது. மூன்று பகடையை வரிசையாக உருட்டும் பழைய வழி இந்த நான்கில் இல்லை. ஒருமை பேசிய நூல் ஒரு பாத்திரத்தின் பிறப்பைக்கூட ஒருமைப்படுத்த முடியாமல் நான்கு மேசைகளின் வழக்கை நான்கு விதிகளாக எழுதி வைத்தது போலிருக்கிறது.

ஏன் முடியவில்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். மூன்று பகடையின் சராசரி பத்தரை. பதினெட்டு விழ இருநூற்றுப் பதினாறில் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டிச் சிறியதை நீக்கினால் சராசரி பன்னிரண்டைத் தாண்டும். பதினெட்டின் வாய்ப்பு மூன்றரை மடங்காகும். 1978 கையேடோ, பாத்திரம் பிழைத்திருக்க இரண்டு பண்புகளேனும் பதினைந்துக்குக் குறையாமல் இருப்பது பொதுவாக இன்றியமையாதது என்கிறது. பாலடின் என்னும் அறவீரனாக வேண்டுமெனில் கவர்ச்சி பதினேழு, விவேகம் பதின்மூன்று, வலிமை பன்னிரண்டு, அறிவும் உடலுறுதியும் ஒன்பது. பழைய வழியில் மூன்று பகடையை வரிசையாக உருட்டி இவை அனைத்தும் ஒருங்கே விழ, ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பாலடினாக விரும்பியவர் ஆயிரத்தில் ஒருவர் மட்டுமாக இருந்திருக்க முடியாது. விதி ஒன்று கேட்கிறது, ஆசை மற்றொன்று கேட்கிறது என்றால் இடையில் இரண்டே வழி: பகடையில் பொய் சொல்வது, அல்லது விதியை மாற்றலாமா என்று மேசையில் வாய்திறந்து கேட்பது. மேசைவிதியின் அறம் இந்த இரண்டாம் வழியில் இருக்கிறது. அது எல்லார் முன்னும் கேட்கப்படுகிறது, மறுக்கப்படவும் கூடும்.

1985-இன் ‘அன்எர்த்டு ஆர்க்கானா’ இன்னும் ஒரு படி சென்று, மனிதப் பாத்திரம் விரும்பிய தொழிலுக்கு முக்கியமான பண்புக்கு ஒன்பது பகடைவரை உருட்டிச் சிறந்த மூன்றைக் கொள்ள இடந்தந்தது. உருட்டுவது ஒரு சடங்காக மிஞ்சிய கட்டம் அது. சடங்கையே வேண்டாம் என்றவர்களும் இருந்தனர். ஸ்டீவ் ஜாக்சனின் ‘மெலே’ (1977) வலிமைக்கும் கைலாவகத்துக்கும் எட்டு எட்டு தந்து, மேலும் எட்டைப் பிரித்துக்கொள்ளச் சொன்னது. ‘சாம்பியன்ஸ்’ (1981) ஆட்டத்தில் பலத்தை வாங்கலாம். குறையை ஏற்றால் அதற்கும் புள்ளி கிடைக்கும். ‘கர்ப்ஸ்’ (1986) நூறு புள்ளிகளை இயல்பளவாக வைத்தது. பிறப்புக்குப் பதில் வரவுசெலவுக் கணக்கு. இதில் நியாயம் இருக்கிறது, வியப்பு இல்லை. தான் எதிர்பாராத ஒருவராக இருந்து பார்க்கும் வாய்ப்பைப் பழைய மூன்று பகடை மட்டுமே தந்தது. 1989-இன் இரண்டாம் பதிப்பு அந்தப் பழைய வழியை மீண்டும் முதல்வழியாக வைத்ததை வெறும் பிற்போக்கு என்று சொல்வதற்கில்லை. பின்னர் 2014-இன் ஐந்தாம் பதிப்பு உருட்டல், நிலையான எண்வரிசை, 27 புள்ளிக் கணக்கு மூன்றையும் வைத்தது. ஆனால் நிறுவனமே ஏற்பாடு செய்யும் ‘அட்வென்ச்சரர்ஸ் லீக்’ ஆட்டங்களில் உருட்டலுக்கு இடமில்லை. அயலார் சந்திக்கும் மேசையில் கணக்கு, அறிந்தோர் கூடும் மேசையில் பகடை. 1979-இல் கைகாக்ஸ் சொன்ன காரணம் இந்த அளவுக்கு உண்மை.

பால்வழி வரம்பு நீங்கிய பின்னும் இனவழி வரம்பு நின்றது. 1974-இல் குள்ளர் போர்வீரராக மட்டுமே இருக்கலாம், ஆறாம் படிநிலைக்கு மேல் ஏறமுடியாது. மனிதர்க்கு வரம்பு இல்லை. மனிதரல்லாதார்க்கு இருட்டில் காணும் கண் போன்ற சலுகைகள் இருப்பதால் இது சமன்செய்யும் விதி என்று விளக்கப்பட்டது. நீண்ட தொடராட்டத்தில் இதன் பொருள் என்னவெனில், ஒரே மேசையில் ஈராண்டு உடனிருந்த ஒருவரின் பாத்திரம் மட்டும் வளர்ச்சி நின்று உட்கார்ந்திருக்கும், தோழர்கள் மேலே செல்வர். 2000-இன் மூன்றாம் பதிப்பில் இவ்வரம்பு முற்றிலும் நீங்கியது. ஆயினும் இனத்தோடு ஒட்டிய கூட்டல் கழித்தல் தொடர்ந்தது. 2016-இன் ‘வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்’ நூலில் ஓர்க் இனத்துப் பாத்திரத்துக்கு அறிவில் இரண்டு குறைக்கப்பட்டது. ஓர் இனத்தில் பிறந்தமையாலேயே ஒருவரின் அறிவு குறைவு என்னும் வாக்கியத்தை, விளையாட்டு எண்ணாக அன்றி வேறெந்த வடிவிலும், இந்நூலின் வாசகருள் பெரும்பாலோர் ஏற்றிருக்கமாட்டார்கள். பிறப்பைக் கொண்டு அறிவை அளக்கும் வழக்கத்தை வீட்டிலும் வகுப்பறையிலும் கண்டு வளர்ந்த இந்திய மாணவர்க்கு இந்த வரியில் நிற்காமல் கடப்பது கடினம்.

இங்கும் மேசை முந்தியது. 2020-இல் யூஜின் மார்ஷல் வெளியிட்ட ‘ஆன்செஸ்ட்ரி அண்ட் கல்ச்சர்’ என்னும் தனிநூல், பிறப்பால் வருவதையும் வளர்ப்பால் வருவதையும் பிரித்தது. எல்ஃப் உடலோடு பிறந்து குள்ளரிடையே வளர்ந்த ஒருவரை அதன்படி உருவாக்கலாம். மொழி மரபணுவில் வருவதன்று, வளர்ந்த வீட்டில் வருவது என்பது மொழியியலின் முதல் பாடம். அந்தப் பாடம் பாத்திர விதிக்கு வந்துசேர நாற்பத்தாறு ஆண்டு ஆனது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனத்தின் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’, இனத்தால் வரும் கூட்டலை எந்தப் பண்புக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடி, என்னென்ன விதிகளோடு, எவற்றைத் தொடாமல் ஆடுவது என்று பேசித் தீர்மானிக்கும் முன்னமர்வு குறித்த பகுதியும் அந்நூலில் இடம்பெற்றது. மேசைவிதி எப்போது முன்மொழியப்பட வேண்டும் என்னும் கேள்விக்கு மேசைகள் அனுபவத்தில் கண்டிருந்த விடை அதுவே. பாத்திரம் பிறப்பதற்கு முன், யாருடைய ஆளுக்கு என்ன இழப்பு என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில். பிறந்துவிட்ட பாத்திரத்தின்மேல் வரும் விதி, எவ்வளவு நல்லதாயினும், யாரோ ஒருவருக்குத் தண்டனையாகவே படும்.

இவை அனைத்தும் விருப்பவிதிகள் என்ற நிலை 2024-இல் மாறியது. புதிய ஆட்டக்காரர் கையேட்டில் ‘ரேஸ்’ என்னும் சொல் நீங்கி ‘ஸ்பீஷீஸ்’ வந்தது. பண்புக் கூட்டல் இனத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாத்திரத்தின் முன்வாழ்வுப் பின்னணிக்கு மாற்றப்பட்டது. இருகுலத்துப் பிள்ளைகளான பாதி-எல்ஃபும் பாதி-ஓர்க்கும் அந்நூலில் தனி இனங்களாக இல்லை. இரண்டு மரபுகளுக்கு நடுவே நின்ற பாத்திரத்தில் தம்மைக் கண்டவர்களுக்கு இது இழப்பாகவே இருந்தது. சீர்திருத்தமும் யாரையாவது வெளியே நிறுத்திவிடுகிறது.

பின்னணி பற்றி இன்னொரு மாற்றமும் நடந்தது. அது அதிகம் பேசப்படவில்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் தம் பின்னணியைத் தாமே புனைந்துகொள்ளும் வழி ஆட்டக்காரர் கையேட்டிலேயே இருந்தது. 2024-இல் உழவர், எழுத்தர், மாலுமி போன்ற ஆயத்தப் பின்னணிகள் ஆட்டக்காரர் கையேட்டில் நின்றன. புதிய பின்னணியை உருவாக்கும் வழிமுறை, அதே ஆண்டு நவம்பரில் வந்த நடுவர் கையேட்டுக்குள் சென்றுவிட்டது. பட்டியலில் இல்லாத வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரைப் பிறப்பிக்க விரும்பும் ஆட்டக்காரர் இப்போது நடுவரிடம் கேட்கவேண்டும்.